முட்டி வலிக்கிறதா? இடுப்பைக் காட்டுங்கள்

இந்த முறை நல்லவாட்டிலிருந்தும் பாகூர், வில்லியனூர் பக்கத்திலிருந்தும் வந்ததெல்லாம் முட்டி வலிக் கடிதங்கள். பதில்களில் பாதி, முட்டிக்கு இரண்டு சாண் மேலே போகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: முட்டி வலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபி பார்க்கிற பொண்ணு முட்டியை ரெண்டு தடவ அமுக்கிப் பார்த்துட்டு, ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்குங்கன்னு சொல்லுச்சு. வலி ஒரு இடம், வைத்தியம் ஒரு இடமா?
- மீன் விற்கும் அம்மா, நல்லவாடு

பதில்: அந்தப் பெண்ணுக்கு என் கணக்கில் ஒரு கிலோ சங்கரா கொடுங்கள் அம்மா. பார்க்க வேண்டிய இடத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

இரண்டு காலால் நடக்கிறோம் என்று நினைக்கிறோம். உண்மையில் நடக்கிற நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். இடது கால் அந்தரத்தில் இருக்கும்போது இடுப்பெலும்பின் இடது பக்கத்துக்குக் கீழே முட்டுக் கிடையாது. அது சரியாமல் இழுத்துப் பிடிப்பது வலது பிட்டத்தின் மேல்பக்கம் விசிறி போல விரிந்திருக்கும் ஒரு தசை. குளூட்டியஸ் மீடியஸ் என்று பெயர். அது தளர்ந்தால் இடுப்பு எப்படிச் சரியும் என்பதை டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1895-லேயே எழுதி வைத்தார். ஒற்றைக் காலில் நிற்க வைத்துப் பார்க்கும் அந்தச் சோதனை இன்றும் அவர் பெயரில்தான் நடக்கிறது.

இடுப்பு சரிந்தால் தொடை உள்பக்கம் திரும்பும், முட்டியும் கூடவே உள்ளே போகும். முட்டிக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் அதிகாரம் குறைவு. மேலே இடுப்பும் கீழே பாதமும் தள்ளுகிற பக்கம் போகும், அடியையும் அதுவே வாங்கும். தலையில் சும்மாடு, அதன் மேல் கூடை என்றால் ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கனமும் சேர்ந்துகொள்கிறது.

கேள்வி: இடுப்பு, இடுப்பு என்கிறீர்களே, சேலை சொருகுகிற இடமா?
- வில்லியனூர் வாசகி

பதில்: இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போனதால் வரும் குழப்பம் இது. பேன்ட் போட்டவர் பக்கவாட்டுப் பையில் கை விடும் இடத்தில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு இருக்கும். அதற்கும் மேலே உள்ள இடுப்பு விளிம்புக்கும் நடுவில் இருக்கிற சதைதான் நான் சொல்வது.

கேள்வி: முப்பது வருஷமா கூடை தூக்குறேன். எனக்கா இடுப்புல பலம் இல்ல? காலையில வலியே கிடையாது. பத்துத் தெரு சுத்திட்டு தவளக்குப்பத்துல பஸ் ஏறும்போதுதான் முட்டி பிடுங்குது.
- இன்னொரு மீன் வியாபாரி, நல்லவாடு

பதில்: கேள்விக்குள்ளேயே பதிலையும் வைத்து அனுப்பிவிட்டீர்கள். காலையில் இல்லாத வலி பத்துத் தெரு முடிந்ததும் வருகிறது. பலம் வேறு, தாக்குப்பிடிப்பது வேறு. கரைவலை இழுத்தவர்களைக் கேளுங்கள். முதல் இழுப்புக்கு எல்லார் கையிலும் வேகம் இருக்கும். மடி கரை ஏறும்வரை கயிற்றைத் தளரவிடாத ஆளுக்குத்தான் மதிப்பு. உங்கள் இடுப்புத் தசை முதல் இழுப்பில் கெட்டி, கடைசி இழுப்பில் விட்டுவிடுகிறது என்பது என் கணிப்பு. தசை சோர்ந்தாலும் நடை நிற்பதில்லை, வியாபாரம் நிற்காதே! மீதி வேலையை முட்டி ஏற்றுக்கொள்கிறது.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். காலையில் கிளம்பும் முன் சுவரோரம் ஒற்றைக் காலில் அரை நிமிடம் நில்லுங்கள். விழப்போனால் பிடிக்கத்தான் சுவர், சாய்ந்துகொள்ள அல்ல. மகளைப் பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தூக்கிய கால் பக்கம் இடுப்பு கீழே இறங்குகிறதா? உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதா? சாயங்காலம் திரும்பி வந்ததும் அதையே செய்யுங்கள். காலையில் நேராக நின்றவர் மாலையில் சரிந்தால், கனமான பயிற்சியைவிட நீண்ட பயிற்சியே உங்களுக்குத் தேவை. லேசான எடை, பதினைந்து இருபது தடவை, அதற்குமேல் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்துவது.

மணலையும் கணக்கில் சேருங்கள். கெட்டித் தரையைவிட மணலில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று 1998-இல் பெல்ஜியத்தில் அளந்தே காட்டினார்கள். கரை கடல் பக்கம் சரிவாக வேறு இருக்கும். போகும்போது கரையோரம், திரும்பும்போது பஸ் என்றால், தினமும் ஒரே கால்தான் பள்ளத்தில் மிதிக்கிறது. எந்த முட்டி அதிகம் வலிக்கிறது என்பதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறேன். வயது 22. முட்டிச் சில்லுக்குப் பின்னால் வலி. படி இறங்கும்போது அதிகம். ஓட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள்.
- பாகூர் வாசகி

பதில்: விடாதீர்கள் தங்கச்சி, குறையுங்கள். இந்த வலிக்கும் இடுப்புக்கும் உள்ள உறவை 2003-இல் அமெரிக்காவில் மேரி லாயிட் அயர்லாந்து என்ற மருத்துவரின் குழு அளந்தது. சில்லு வலி உள்ள 15 இளம்பெண்களையும் வலி இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். காலைப் பக்கவாட்டில் தூக்கும் பலம் வலி உள்ளவர்களுக்கு 26 சதவீதம் குறைவு. தொடையை வெளிப்பக்கம் திருப்பும் பலம் 36 சதவீதம் குறைவு.

உடனே ‘இடுப்பு பலவீனம்தான் காரணம்’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வலி வரும் முன்பே ஆட்களை அளந்து, பிறகு யாருக்கு வலி வருகிறது என்று காத்திருந்து பார்த்த ஆய்வுகளை 2014-இல் தொகுத்தார்கள். முன்கூட்டியே இடுப்பு பலவீனமாக இருந்தவர்களுக்குத்தான் வலி வந்தது என்று அவை காட்டவில்லை. வலி வந்த பிறகு தசை சோம்பியிருக்கவும் கூடும். கோழியா முட்டையா என்கிற வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் சிகிச்சைக்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 2011-இல் 33 பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முதலில் இடுப்புப் பயிற்சியும் மற்றதற்குத் தொடை முன்தசைப் பயிற்சியும் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் இடுப்புக் குழுவுக்கே வலி சீக்கிரம் குறைந்தது. பிறகு இரண்டு குழுவும் தேறின. ஆகவே இடுப்பில் தொடங்குங்கள், தொடையையும் விடாதீர்கள்.

ஓடும்போது எட்டி எட்டி வைக்காமல் அடியைக் குறைத்து, எண்ணிக்கையைக் கொஞ்சம் கூட்டுங்கள். முட்டியில் விழும் சுமை குறையும். பயிற்சியில் கொஞ்சம் வலித்தால் பயம் வேண்டாம். மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம், கூடியிருந்தால் பாதியாகக் குறையுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரேயில் முட்டி தேய்ந்துவிட்டது என்றார்கள். இடுப்புப் பயிற்சி செய்தால் ஜவ்வு வளருமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், வில்லியனூர்

பதில்: வளராது ஐயா. வளரும் என்று சொல்லிப் பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். மெல்போர்னில் கிம் பெனல் குழுவினர், முட்டியின் உள்பக்கம் தேய்ந்த 89 பேரை வைத்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரான பதில். 12 வாரம் இடுப்புத் தசைப் பயிற்சி செய்தவர்களுக்கு வலி குறைந்தது, நடமாட்டம் தேறியது. ஆனால் முட்டியின் உள்பக்கம் விழும் சுமையை அளந்தபோது அது குறையவில்லை. ஏன் வலி குறைந்தது என்பதற்கு முழு விளக்கம் கைவசம் இல்லை, குறைந்தது மட்டும் நிஜம். எனக்கு அது போதும், உங்களுக்கும் போதும் என்று நம்புகிறேன். உடல் எடை அதிகம் என்றால் அதையும் குறையுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது.

கேள்வி: வலது முட்டி வலி. கைத்தடி எந்தக் கையில்?
- கிருமாம்பாக்கம் வாசகர்

பதில்: இடது கையில். வலது கால் ஊன்றும்போது தடியும் கூடவே ஊன்ற வேண்டும்.

கேள்வி: நடவு நேரம். உட்கார நேரமில்லை. ஒரே ஒரு பயிற்சி சொல்லுங்க.
- விவசாயக் கூலி, பாகூர்

பதில்: ஒன்று கேட்டீர்கள், ஒன்றரையாகத் தருகிறேன். பாயில் ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு முட்டியையும் மடக்கி, குதிகால்கள் ஒட்டியிருக்க, மேல் முட்டியை மட்டும் சிப்பி திறப்பதுபோல் திறந்து மூடுங்கள். ஆங்கிலத்திலும் இதற்குச் சிப்பி என்றுதான் பெயர். பதினைந்து தடவை சுலபமானதும் மேல் காலை நேராக நீட்டி, ஒரு முழம் தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள்.

எல்லாரும் செய்யும் தவறு இரண்டு. உடம்பு மல்லாந்து சாய்வது ஒன்று, கால் கட்டைவிரல் கூரையைப் பார்ப்பது இன்னொன்று. அப்படிச் செய்தால் தொடையின் முன்தசை வேலையைத் திருடிக்கொள்ளும். இடுப்பு நேராக, பாதம் முன்னால் பார்த்தபடி, கால் சற்றுப் பின்வாட்டத்தில் இருக்கட்டும். எரிச்சல் பேன்ட் பை இருக்கும் இடத்துக்குப் பின்னால் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாள், இரண்டு காலுக்கும். முழுப் பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்.

கேள்வி: முட்டியில் மாட்டும் உறை, தைலம்?
- பலர்

பதில்: இதம் தரும், போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் பதிலாக மட்டும் வேண்டாம். முட்டி சிவந்து சூடாகி வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தாலும், மடக்கிய முட்டி நீட்ட முடியாமல் மாட்டிக்கொண்டாலும், விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலும் தைலத்தை மூடி வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: பேரனுக்கு 12 வயசு. மூணு வாரமா முட்டி வலின்னு நொண்டுறான். முட்டி எக்ஸ்ரே நல்லாருக்காம். அவனுக்கும் இந்த இடுப்புப் பயிற்சி கொடுக்கலாமா?
- ஒரு பாட்டி, நல்லவாடு

பதில்: வேண்டாம் அம்மா. இந்த இதழிலேயே அவசரமான கடிதம் உங்களுடையது.

2004 டிசம்பர் 26 காலையில், சுனாமி வருகிறது என்று உங்கள் ஊர் ஒலிபெருக்கி கூப்பிட்டது நினைவிருக்கும். சத்தம் வந்தது ஊருக்குள்ளே, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்திலிருந்து. சேதி வந்தது சிங்கப்பூரிலிருந்து, ஊர்ப் பிள்ளை ஒருவர் போட்ட போனில். பிள்ளைகளின் முட்டியும் சில நேரம் வெறும் ஒலிபெருக்கிதான். இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்பே முட்டிக்கும் கிளை விடுவதால், கோளாறு இடுப்பில் இருக்க, பிள்ளை முட்டியைக் காட்டும். இவன் வயதில், வளரும் தொடை எலும்பின் தலை அதன் இடத்தைவிட்டு வழுக்கும் நோய் ஒன்று உண்டு. முட்டி எக்ஸ்ரேயில் அது தெரியாது. தாமதித்தால் இன்னும் வழுக்கும்.

நடக்கவிடாமல் வண்டியில் ஏற்றி, ஜிப்மரோ பக்கத்து அரசு மருத்துவமனையோ, எலும்பு மருத்துவரிடம் இன்றே கொண்டுபோங்கள். இரண்டு பக்க இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.