அரசாணைப்படி ஒரு தவக்காலம்

2020-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 26-ஆம் தேதி வந்தது. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வழக்கம்போல ஆளுக்கொன்றை விட்டார்கள்: அப்பா காபியை, பையன் சினிமாவை, அம்மா கவிச்சியை. கோழி தின்றால் கொரோனா என்ற வதந்தியில் கறி விலை சரிந்துகிடந்த நேரம் அது. மலிவாகக் கிடைக்கும்போது விடுவதுதான் தவம் என்று அம்மாவுக்குப் பெருமை. அந்த வைராக்கியம் தளர்கிற சமயம் பார்த்து, மார்ச் 25 யுகாதியன்று, ஊரடங்கு என்று மிச்சமிருந்த எல்லாவற்றையும் அரசாங்கமே விடச் சொல்லிவிட்டது. திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் அதற்கு ஐந்து நாள் முன்பே நின்றிருந்தது. ஏழுமலையானுக்கே கூட்டமில்லாத ஆண்டில் நமக்கென்ன குறை?

பூசை யூடியூபுக்கு வந்தது. அரிசி டப்பாமேல் சாய்த்த போனுக்கு முன் பாட்டி முக்காடு போட்டு முழங்காலிட்டார். சாமியார் அப்பத்தை உயர்த்தும் நேரம் சோப்பு விளம்பரம் குறுக்கிட்டது. பாட்டி அதற்கும் சிலுவை போட்டுக்கொண்டார். கைகழுவும் காலம், தப்பில்லை. காணிக்கைத் தட்டு போனைவிட்டு வெளியே வராததில் அப்பாவுக்கு உண்டான நிம்மதியையும் பக்திக் கணக்கிலேயே எழுதலாம்.

ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. கொல்லைத் தென்னையின் கீற்றோடு ஹாலிலிருந்து சமையலறை வரை பவனி. ஓசன்னா முடிவதற்குள் தோசை தீய்ந்தது. அன்றிரவே 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கேற்றப் பிரதமர் சொல்லியிருந்ததால், பாஸ்காவுக்கென்று வாங்கிவைத்த மெழுகுவர்த்தி ஒரு வாரம் முந்திக்கொண்டு எரிந்தது.

"உங்க பண்டிகைக்கு ஊரே விளக்கேத்துதேம்மா!" என்று எதிர்வீட்டு ரெட்டிகாரு மாடியிலிருந்து வியந்தார். அம்மா மறுக்கவில்லை.