புளிமா ஒலித்த கணினி: ரேம் சோதனை குறித்து ஒரு யாப்பியல் ஆய்வு

கணினியை ஆன் செய்தால் திரை கறுப்பாகவே கிடக்கிறது. பெட்டிக்குள்ளிருந்து மட்டும் ‘பீப், பீப், பீப்’. கேட்டவர் உடனே செய்வது, பெட்டியின் விலாவில் ஓங்கி ஒரு தட்டு. இது பெரும்பிழை. அந்த ஒலி ஒரு செய்யுள். செய்யுளை அலகிடலாம், அடிக்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

1981-இல் ஐபிஎம் பிசி வந்த காலந்தொட்டு, கண் விழித்ததும் தன் போர்டையும் மெமரியையும் தானே தொட்டுப் பார்த்துக்கொள்வது இவ்வினத்தின் வழக்கம். திரைக்கு உயிர் வருமுன்பே கோளாறு தெரிந்துவிட்டால் எழுதிக் காட்ட வழியில்லை. ஸ்பீக்கரில் கத்தியாக வேண்டும். தொல்காப்பியர் மாத்திரைக்குக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் அளவாகச் சொன்னார். கணினியின் இந்தத் தற்சோதனையை நடத்தும் பயாஸ் நிரலை எழுதியவர்கள் அதைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் குறில், நெடில் என்ற இரண்டையே அவர்களும் கைக்கொண்டது வியப்புக்குரியது.

அலகிடுவோம். ஏஎம்ஐ பயாஸின் பழைய அட்டவணைப்படி, மூன்று குறில் வந்தால் மெமரியின் முதல் 64 கேபி-யில் பழுது. குறிலிணை நிரை, எஞ்சிய குறில் நேர், நிரைநேர் புளிமா. எட்டுக் குறில் என்றால் டிஸ்பிளே மெமரி. நிரை நான்கு, கருவிளநறுநிழல். அவார்டு பயாஸில் ஒரு நெடிலும் இரு குறிலும் வந்தாலும் டிஸ்பிளேதான், நேர்நிரை, கூவிளம். உரையாசிரியர்களைத் திணறடிப்பது ஒற்றைக் குறில். ஐபிஎம் மரபில் அதற்கு ‘எல்லாம் நலம்’ என்று பொருள். ஏஎம்ஐ அட்டவணையிலோ ‘மெமரி ரிஃப்ரெஷ் தவறியது’. வெண்பா ஈற்றில் ‘நாள்’ என நிற்கும் அசை, இங்கே நல்ல நாளா கெட்ட நாளா என்பது பயாஸைப் பொறுத்தது.

ரிஃப்ரெஷ் என்பது யாதெனின், வட்டி. ரேமில் ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டமாகத்தான் இருக்கிறது. அது கசிந்துகொண்டே இருக்கும். வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால், அடகு வைத்த நகைபோல மூழ்கிவிடும்.

புளிமா ஒலிக்காமலும் ரேம் பழுதாகலாம். அதற்கென்று 1994-இல் கிறிஸ் பிரேடி எழுதியது மெம்டெஸ்ட்86. சுழியும் ஒன்றுமாக ஒரு கோலத்தை மெமரி முழுக்க எழுதும், படித்துப் பார்க்கும், தலைகீழாக்கி எழுதும், மறுபடி படிக்கும். வாய்ப்பாட்டை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் ஒப்பிக்கச் சொல்லும் வாத்தியார் முறைதான். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் தேர்ச்சியில்லை. அப்போது ரேமை வேறு ஸ்லாட்டில் மாட்டிப் பார்க்க வேண்டும். பிழை ரேமோடு போனால் குற்றவாளி ரேம். ஸ்லாட்டிலேயே தங்கினால் போர்டு.

போர்டுப் படலம் சிறிது. கெப்பாசிட்டரின் தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தேதி அடிக்கடி பின்னோக்கிப் போனால் சிஆர் 2032 பேட்டரியை மாற்ற வேண்டும். 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன் என்பதால் அது காரணப்பெயர்.

இனி ரப்பர்ப் படலம். மூன்று குறிலைச் சுமந்துகொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். மெக்கானிக் திரையைப் பார்க்கவே இல்லை. இரு பக்க லாக்கையும் கட்டைவிரலால் தள்ளி ரேமை உருவினார். மேசை டிராயரிலிருந்து ஒரு பள்ளிக்கூட ரப்பர், ஒரு மூலை கடித்தது, வெளியே வந்தது. தங்க நிறப் பற்கள்மேல் நாலு இழுப்பு. ஒரு ஊதல். ‘டக்’கென்று சத்தம் வரும்வரை ஓர் அழுத்து. கணினி எழுந்துவிட்டது.

ஆய்வாளன் சும்மா இருக்கலாகாது. தங்கம் துருப்பிடிக்காது, படிவது அழுக்குதான். கழற்றி மாட்டும் உராய்விலேயே அது போய்விடலாம். போதாக்குறைக்கு, அழுத்தித் தேய்த்தால் மெல்லிய தங்கப்பூச்சே தேயும். “கழட்டி மாட்டினாலே போதுமே, ரப்பர் எதுக்கு?” என்றேன்.

“ரப்பர் போட்டா வருது சார். போடாம நான் பார்த்ததில்ல.”

ஒப்பீட்டுச் சோதனையே நடக்காத ஒரு துறை! அந்த இடைவெளியை நிரப்பும் பொறுப்பு என்மேல் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து, மறுபடி புளிமா கேட்ட ஒரு ராத்திரியில், மின்வயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றினேன். துடைக்கவில்லை. அப்படியே மாட்டினேன். கணினி எழுந்தது. என் கருதுகோள் வென்றது.

அத்தோடு படுத்திருக்கலாம். ஆனால் ஒருபக்கச் சோதனை செல்லாதே. மகளின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை எடுத்து, பற்களை நன்றாகத் தேய்த்து மறுபடி மாட்டினேன்.

பீப், பீப், பீப். தளை தட்டவே இல்லை.

டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்லாட்டின் உள்ளே வரிசையாக ரப்பர்த் துகள். விடிந்ததும் மகளிடம் பெயிண்ட் பிரஷ் கேட்டேன். முதலில் ரப்பர் எங்கே என்றாள்.