மரத்தடிக்குப் புள்ளி கிடையாது

வன்னியில் நெல்லைப் பற்றிப் பட்டம் படிக்கலாம். மாட்டைப் பற்றிப் படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, பொறியியல் பீடம் இருக்கிறது, தொழில்நுட்ப பீடமும் இருக்கிறது. 1997இல் தொடங்கிய வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்களோடு எழுந்து நின்றது. அங்குமில்லை, இங்குமில்லை கல்விப் பீடம். நெல்லுக்கு விஞ்ஞானம் வேண்டும், இயந்திரத்துக்கு விஞ்ஞானம் வேண்டும். பிள்ளை மட்டும் மாரி மழைக்குத் தானாக முளைக்கும் என்பது நமது உயர்கல்விக் கொள்கை.

கல்வியியற் கல்லூரி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, வவுனியா பூந்தோட்டத்தில். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் நாட்டுக்குத் தந்த 19 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. இரண்டு வருடம் விடுதியில் இருந்து படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி முடித்தால் கையில் கிடைப்பது டிப்ளோமா. இவற்றையெல்லாம் பட்டம் தரும் பல்கலைக்கழகமாக்குவோம் என்று கொழும்பு பல தடவை சொல்லிவிட்டது. சொன்ன அரசாங்கங்கள் வீட்டுக்குப் போய்விட்டன; டிப்ளோமா இன்னும் டிப்ளோமாதான்.

கல்விமாணி வேண்டுமென்றால்? தேசிய கல்வி நிறுவகம் மகரகமவில். திறந்த பல்கலைக்கழகம் நாவலவில். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடம் எங்கே என்று பெயரே சொல்லும். கிளை நிலையங்களில் வார இறுதி வகுப்பு நடந்தாலும், ஐயன்கன்குளத்திலோ கொக்குத்தொடுவாயிலோ ஐந்து நாள் படிப்பித்த ரீச்சர் சனிக்கிழமை விடியப்புறம் முதல் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இரவிரவாக ஒப்படை எழுத வேண்டும். கட்டணமும் பஸ் காசும் அவருடைய சம்பளத்திலிருந்துதான். அரசாங்கப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கற்றுக்கொள்வது அவருடைய தனிப்பட்ட பொழுதுபோக்கு அல்லவா!

ஆகவே கொழும்புக்கு மேலும் வேலைப்பளு தராமல், வன்னிக்கே உரிய கல்விமாணிப் பாடத்திட்டம் ஒன்றை இங்கேயே வரைந்து தருகிறேன். விரிவுரையாளர் தேவையில்லை. அரசே நேரடியாக நடத்தி வரும் பாடங்கள்தான் எல்லாம்.

முதலாம் பாடம், கல்வி உளவியல். மாஸ்லோவின் தேவைப் படிநிலை கட்டாயம். முதற்படி சோறும் தண்ணீரும், இரண்டாம் படி பாதுகாப்பு, கற்றலும் சாதிப்பும் அதற்கு மேலே என்று அவர் அடுக்கினார். 2009 ஓகஸ்டில் முகாம்களின் முட்கம்பிக்குள் இருந்தபடியே எங்கள் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். அவர்களை அவர் எந்தப் படியில் ஏற்றுவார்? போர் முடிந்த நாட்களில் பூந்தோட்டக் கல்லூரியே முகாமாக இருந்தது. ஆசிரியரை உருவாக்கக் கட்டிய மண்டபத்தில் ஆட்களை எண்ணி அடைத்தார்கள். இதைப் பரீட்சையில் எழுதினால் புள்ளி வராது. படிநிலையை முக்கோணமாக வரைந்து பெயர் குறித்தால் முழுப் புள்ளி.

இரண்டாம் பாடம், கல்வி முகாமைத்துவம். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பது எப்படி என்பதே இதன் சாரம். பௌதிகத்தில் இது நடக்காது. வலயக் கல்வி அலுவலகத்தில் நடக்கும். பெயர் தற்காலிக இணைப்பு. ஆளணிப் பட்டியலில் கணித ஆசிரியர் துணுக்காய் வலயத்தில் இருப்பார். ஆள் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டுக்கு அருகிலுள்ள பாடசாலையில் இருப்பார். வெற்றிடம் இல்லை என்று அறிக்கை போகும். வெறும் கதிரையைப் பார்த்துப் பிள்ளை பத்தாம் வகுப்புக் கணிதம் படிக்கும்.

குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு, இருட்டோடு பஸ் ஏறி வன்னிக்கு வந்து, பின்னேரம் களைத்துத் திரும்பும் ரீச்சரைத் திட்ட எனக்கு மனமில்லை. அவர் வருகிறார். வராமலே சம்பளம் எடுக்க வழி செய்து கொடுக்கும் செல்வாக்கைத்தான் சொல்கிறேன். அந்தச் செல்வாக்குக்குச் சிங்களம் தெரியாது. அது சுத்தமான தமிழில் பேசும், மேடையில் வன்னி மண்ணைத் தொட்டுக் கும்பிடும், கீழே இறங்கியதும் மருமகளின் இணைப்புக் கடிதத்துக்காக அதிகாரிக்கு அழைப்பு எடுக்கும்.

மூன்றாம் பாடம், முன்பிள்ளைப் பருவக் கல்வி. புரோபலும் மொண்டிசோரியும் பழைய கதை. வன்னியில் அரிச்சுவடி பாதுகாப்பு அமைச்சின் கீழ் வரும். போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு முன்பள்ளி ஆசிரியைகள் நூற்றுக்கணக்கானோரைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. மாகாணத்தை நம்பியிருந்த ஆசிரியைக்கு மாதம் சில ஆயிரம் ரூபா உதவிப்பணம். படைத்தரப்பை நம்பிய ஆசிரியைக்கு அதைவிடப் பல மடங்கு சம்பளம். போன பெண்களைத் துரோகி என்று சொல்ல முதல் அவர்கள் வீட்டு அடுப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைக்கு நிறம் சொல்லிக் கொடுக்கக் கல்வி அமைச்சிடம் காசில்லை, பாதுகாப்பு அமைச்சிடம் இருக்கிறது என்றால், அந்தப் பிள்ளையை நாடு என்னவாகப் பார்க்கிறது? பிள்ளையாகவா, கண்காணிக்க வேண்டிய ஆளாகவா? இந்த வினாவுக்கு விடையளித்தல் கட்டாயமல்ல.

நான்காம் பாடம், ஆசிரியத் தகைமை. 1996இல் கிளிநொச்சி விழுந்தபோது சனம் மல்லாவிக்கும் துணுக்காய்க்கும் அக்கராயனுக்கும் ஓடியது. பாடசாலைகளும் ஓடின. 2008இலும் 2009இலும் மறுபடி ஓடின. மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழும் வகுப்பு நடத்தியவர்களில் பலர் உயர்தரம் மட்டும் முடித்த பிள்ளைகள், தொண்டர் ஆசிரியர்கள். செல் விழும்போது பதுங்குகுழிக்குள் எந்த வகுப்பை முதலில் இறக்குவது என்று எந்தக் கல்விமாணியும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதையும் செய்து, அடுத்த பாடவேளைக்குப் பின்னத்தையும் படிப்பித்தார்கள்.

சமாதானம் வந்தது. தகைமையும் வந்தது. நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் இருந்தவர்களிடம், தொடர்ந்து படிப்பித்ததற்கு ஆவணம் எங்கே, வரவுப் பதிவேட்டில் கையெழுத்து எங்கே என்று கேட்டார்கள். பதிவேடு முள்ளிவாய்க்காலில் எரிந்துவிட்டது, ஐயா. நீங்கள்தானே எரித்தீர்கள்! பட்டமில்லாததால் அவர்கள் ஆசிரியர் இல்லையென்றால், பட்டம் உள்ளவர்களாவது ஆசிரியரா என்று பாருங்கள். 2020இல் பட்டதாரிப் பயிலுனர்களை 20,000 ரூபா கொடுப்பனவில் எடுத்தார்கள். அவர்களில் பாடசாலைக்கு அனுப்பப்பட்டவர்கள் வெண்கட்டி பிடித்து வகுப்பு நடத்துகிறார்கள். பதவியின் பெயரோ அபிவிருத்தி உத்தியோகத்தர். படிப்பித்தவருக்குப் பட்டமில்லை, பட்டம் உள்ளவருக்குப் படிப்பிக்கும் பதவியில்லை. இந்தப் பாடத்தில் யாரும் சித்தியடைந்ததாகத் தகவல் இல்லை.

ஐந்தாவது, இறுதியாண்டு ஆய்வு. தலைப்பு எப்போதோ முடிவாகிவிட்டது: பின்தங்கிய பிரதேச மாணவரின் அடைவு மட்டம் குறைவதற்கான காரணங்கள். வினாக்கொத்து அச்சடித்து, கூலிக்குக் களை பிடுங்கப் போய்விட்டு வந்த தாயிடம் நீட்டப்படும். வீட்டில் படிப்பதற்குத் தனி மேசை உண்டா? பிள்ளையின் கற்றலில் அக்கறை காட்டுகிறீர்களா, மிகவும், ஓரளவு, இல்லை? முடிவுரையும் தயார்: பெற்றோரின் அக்கறையின்மையே முதன்மைக் காரணம், விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தப்பட வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவே பட்டியலிட்டு, அனுமதியில் அத்தகைய மாவட்டங்களுக்கென ஒதுக்கிய 5 வீதத்தில் பங்கு தருகிறது. பின்தங்கல் அரசுக்குத் தெரியும். காரணம்தான் தெரியவில்லையாம். அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்தத் தாயின் மேசையை எண்ணுகிறார்கள்.

நிதி இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கிளிநொச்சி நகர நடுவில் குண்டு துளைத்து வெடித்த கொங்கிறீட் கட்டியும் அதிலிருந்து பூக்கும் தாமரையும் வைக்கப் போர் முடிந்த கையோடு நிதி கிடைத்தது. வவுனியாவில் ஒரு கல்விப் பீடத்துக்குத்தான் தட்டுப்பாடு. அந்தப் பீடத்தைத் திறவுங்கள். தொண்டர் ஆசிரியரின் மரத்தடி வருடங்களைக் கற்பித்தற் பயிற்சியாகக் கணக்கெடுங்கள். இணைப்பில் போனவர்களின் சம்பளத்தை அவர்கள் இருக்கும் இடத்தின் ஆளணியிலிருந்து கொடுங்கள். துணுக்காயின் வெற்றிடம் அப்போதாவது வெற்றிடமாகத் தெரியும்.

கல்விமாணி படிக்கும் தம்பி, தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். இம்முறை வினாக்கொத்தைத் தாயிடம் கொண்டுபோகாதீர்கள். வலயப் பணிப்பாளரிடம், மாகாணச் செயலாளரிடம், ஆளுநரிடம், அமைச்சரிடம், தேர்தலுக்குத் தேர்தல் வரும் நம் பாராளுமன்ற உறுப்பினரிடம் நீட்டுங்கள். வன்னிப் பிள்ளையின் கற்றலில் அக்கறை காட்டுகிறீர்களா, மிகவும், ஓரளவு, இல்லை? ஒன்றின் கீழ்க் கோடிடச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் வழக்கமாக வரும் "தரவுகள் இரகசியமாகப் பேணப்படும்" என்ற வரியை மட்டும் மறக்காமல் வெட்டிவிடுங்கள்.