சட்டைப்பையில் ஒரு பிளக்

அவர் சட்டைப்பையில் பேனா இருக்காது, ஸ்பார்க் பிளக் இருக்கும். மருந்துக்கடை ரசீதில் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் பத்திரமாகச் செருகியிருப்பார். பழைய பெட்ரோல் எஸ்.யூ.வி. ஓட்டுகிறவர்களில் குடியிருப்புக்கு ஒருவராவது இப்படித் தேறுவார். உங்கள் குடியிருப்பில் இல்லையென்றால் எங்கள் ஆளை அனுப்பி வைக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டாம்.

அந்தப் பிளக்கை வெளியே எடுக்க அவருக்குக் காரணமே தேவையில்லை. வங்கியில் டோக்கன் வாங்கிவிட்டுக் காத்திருக்கும்போது எடுப்பார். சீமந்த வீட்டில் பந்திக்கு இலை போடும்வரை எடுத்து வைத்திருப்பார். சாவு வீட்டில் வெளியூர்ப் பிள்ளை வந்து சேரும்வரை நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போமே, அங்கேகூட மெதுவாக ரப்பர் பேண்டு கழலும். “இதைக் கொஞ்சம் பாருங்க. என்ன கலர்?”

பழுப்பு என்று சொன்னால் போச்சு. “பழுப்புன்னா எந்தப் பழுப்பு? டிகாக்‌ஷன்ல பால் விடறதுக்கு முன்னாடி இருக்கிற கலரா, விட்ட பிறகு வர்ற கலரா?” பால் விட்ட பிறகு என்றால் எரிப்பு சரியாக நடக்கிறது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, இல்லையென்றால் பிளக் அந்த இன்ஜினுக்கு அளவுக்கு மீறிக் குளிர்ந்த ரகம். எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்துவிட்டது. வெளுத்து, முனை பொரிந்திருந்தால் சூடு அதிகம். இதில் ஒன்றும் பொய்யில்லை, பிளக் கம்பெனிகளே படம் போட்டு விளக்கும் விஷயம்தான். ஆனால் கழற்றிய கையோடு பார்க்க வேண்டிய விஷயம். இவருடைய பிளக் சட்டைப்பைக்குக் குடிவந்து இரண்டு ஆடி தாண்டிவிட்டது. இன்ஜின் விட்ட கரியில் பாதி எங்கள் விரல்களுக்கு வந்தாயிற்று. அந்த இடத்தில் இப்போது குடியிருப்புவாசிகளின் கைரேகையும் வெள்ளிக்கிழமை விபூதியும் இருக்கின்றன. அதையும் சேர்த்துத்தான் பலன் சொல்கிறார்.

பீங்கானும் உலோகமும் சேரும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தெரியும். அங்கே வரும்போது அவர் குரல் தாழும். “கம்ப்ரஷன் லீக்.” லீக்காவது ஒன்றாவது! பிளக்குக்கு வரும் உயர் மின்னழுத்தம் சுற்றியிருக்கும் எண்ணெய்த் துகள்களை இழுத்துப் பீங்கானில் ஒட்ட வைக்கிறது. அந்தக் கறையால் பிளக்குக்கு ஒரு கெடுதலும் இல்லை. கொரோனா கறை என்று அதற்குப் பெயர். ஒருநாள் இதை நான் சொன்னேன். பெயரைக் கேட்டதும் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து இரண்டடி தள்ளிப் போனார். இவர் அசையவில்லை.

யாரும் அவரிடம் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பிளக் சட்டைப்பையில் இருக்கிறது என்றால் வண்டியில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது? நான் கேட்டேன். “டெம்பரவரியா வீட்ல கிடந்த ஒரு சாதா பிளக் போட்டிருக்கேன்.” ஆக மூன்று சிலிண்டரில் ஆயுள் முடிந்த இரிடியம், ஒன்றில் நிக்கல். சிக்னலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது, சீட் நடுங்குகிறது, டாஷ்போர்டுப் பிள்ளையார் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். மெக்கானிக்குகள் ‘மிஸ்ஸிங்’ என்று ஒரே சொல்லில் முடிப்பதை இவர் ‘ஆராய்ச்சியில் இருக்கிறது’ என்பார்.

வண்டியைக் குறை சொல்லக் கூடாது. 2008 மாடல் ஹோண்டா சி.ஆர்.-வி., 2.4 லிட்டர் பெட்ரோல். இரிடியம் பிளக் சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டர் தாங்கும். இவர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய பிறகுதான் மூடியையே திறந்தார். நம் ஊரில் அந்த வயதுள்ள ஸ்கார்ப்பியோ, சஃபாரி, பொலீரோ எல்லாம் பெரும்பாலும் டீசல். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் எங்கள் பார்க்கிங்கில் அவருக்குச் சரிசமமாகப் பேச ஆளில்லை. பேசாமல் இருக்கவும் அவரால் முடியாது. டீசல்காரர்களிடமே காட்டுகிறார். பாவம், அவர்களும் கலர் சொல்கிறார்கள்.

இந்த வியாதி எங்கே ஒட்டிக்கொண்டது என்பதும் எனக்குத் தெரியும். டி.வி.எஸ். 50 ஓட்டிய தலைமுறை அது. பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்றிய வண்டியில் அடிக்கடி பிளக் அடைக்கும். நடுரோட்டில் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, ஆக்ஸா பிளேடை விட்டு கேப் பார்த்து, இன்ஜின்மேல் சாய்த்து வைத்துப் பெடலை உதைப்பார்கள். நீலப் பொறி தெறித்தால் ஆபீசுக்கு நேரத்துக்குப் போய்விடலாம். அன்று எல்லாப் பிளக்கும் அவர்களுக்கு ‘மைக்கோ’தான். பெங்களூரின் மைக்கோ 2008-இலேயே பாஷ் என்று பெயரை மாற்றிக்கொண்டுவிட்டது. இவர் வாயில் இன்னும் மைக்கோதான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், மனிதர் கையில் வித்தை இருக்கிறது. எங்கள் மூன்றாம் மாடிக்காரரின் பழைய பெட்ரோல் கார் ஒரு ராத்திரி அச்சிறுபாக்கம் பக்கம் உதறிக்கொண்டு நின்றுவிட்டது. போன் வந்ததும் இவர் டார்ச்சும் பதினாறாம் நம்பர் பிளக் சாக்கெட்டும் எடுத்துக்கொண்டு, நடுங்குகிற தன் வண்டியிலேயே போய்ச் சேர்ந்தார். மேல்மூடி கேஸ்கெட் கசிந்து பிளக் குழியில் ஆயில் தேங்கியிருந்தது, காயிலின் ரப்பர் அதில் ஊறிக் கிடந்தது. துடைத்துக் காயவைத்து, வண்டியைக் கிளப்பி, குழந்தைகளோடு அவர்களை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது விடிந்துவிட்டது. காபிகூடக் குடிக்கவில்லை. அப்புறம் அந்த வண்டிக்குப் புதுப் பிளக் போட்டபோது, கழற்றிய பழசில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம்.

புதுசு வாங்கும் படலம் தனி. வண்டிக் கையேட்டில் இரண்டு கம்பெனி பெயரும் ஆளுக்கொரு எண்ணும் போட்டிருக்கிறது. அதைக் கடையில் சொன்னால் வேலை முடிந்தது. ஆனால் அவர் எண்ணுக்குள் இறங்கிவிட்டார். என்.ஜி.கே.யில் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்த ரகம். டென்சோவிலும் அப்படித்தான், ஆனால் அங்கே ஆறுக்குப் பதில் இருபது. பாஷில் தலைகீழ், எண் இறங்கினால்தான் குளிர்ச்சி. குளிர்ந்த ரகம் என்றால் முனையில் ஏறும் சூட்டைச் சீக்கிரம் சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்திவிடும் என்று பொருள், அவ்வளவுதான். இவர் அதைச் சென்னை வெயிலோடு முடிச்சுப் போட்டார். அக்னி நட்சத்திரத்துக்கு ஏழாம் எண், மார்கழிக்கு ஐந்தாம் எண் என்று இரண்டு செட் வைத்துக்கொள்ளலாமா என்று டீக்கடையில் பொதுவாகக் கேட்டார். டீ மாஸ்டர் ஆறு என்றார். கையேட்டிலும் அதுதான் இருந்தது.

பிளக் வாங்க ஜி.பி. ரோட்டுக்கு ஒருநாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் இரிடியம் விலை சொன்னதும் பேரம் டைனோசரிலிருந்து ஆரம்பித்தது. இரிடியம் பூமியின் மேலோட்டில் அரிது, விண்கல்லில் அதிகம். ஆறரைக் கோடி ஆண்டுக்கு முந்தைய களிமண் படிவில் அது கூடுதலாக இருப்பதைப் பார்த்துத்தான் ஆல்வாரெஸ் என்ற அப்பாவும் மகனும் 1980-இல் டைனோசர்களை விண்கல் அழித்தது என்று எழுதினார்கள். உருகுவதற்கு 2,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், நிக்கலுக்கு 1,455 போதும். அதனால்தான் முனையை ஊசியாகச் செய்தாலும் தேயாமல் நிற்கிறது. எல்லாம் சரியான தகவல். கடைக்காரர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். “டைனோசர் செத்தது இருக்கட்டும் சார். பில்லு போடவா, வேணாவா?”

போடவில்லை. போனில் நாற்பது ரூபாய் குறைவாகக் காட்டியதாம்.

அடுத்தது காயில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றிப் பிளக்குக்குக் கொடுப்பது அதன் வேலை. இந்த வண்டியில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு காயில். ஸ்கேனரைச் செருகினால் பி0302 என்று வந்தது, இரண்டாம் சிலிண்டரில் மிஸ்ஸிங். அது காயிலா, பிளக்கா என்று பார்க்க ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இரண்டாவது காயிலைக் கழற்றி மூன்றாவதில் போட்டு, மூன்றாவதை இரண்டில் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். கோளாறும் கூடவே நகர்ந்து பி0303 ஆனால் காயில்தான். நகராமல் இரண்டிலேயே நின்றால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். செலவு பூஜ்யம், தேவை ஒரு பத்தாம் நம்பர் ஸ்பானர். இந்தச் சோதனையை எங்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்ததே அவர்தான். வாட்ச்மேனுக்குக்கூட மனப்பாடம். அவர் மட்டும் செய்து பார்க்கவில்லை. பிளக் கலர் இன்னும் முடிவாகவில்லையே!

எங்கள் தெரு மெக்கானிக் பாய் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்த நேரத்தில், பேச்சு வாக்கில் அதைச் செய்து முடித்தார். கோளாறு மூன்றுக்குப் போயிற்று. “காயில்தான் சார். ஒண்ணு மாத்துங்க, முடிஞ்சா நாலும் மாத்துங்க. பிளக் நாலும் சேர்த்தே மாத்திடுங்க. இந்த செக் இன்ஜின் லைட் விட்டு விட்டு எரியறப்போ மட்டும் ஓட்டாதீங்க.” “அதைத்தான் பாய் நானும் அன்னைக்கே நினைச்சேன்” என்று சொல்லிவிட்டு, ஒன்றா நாலா என்ற ஆராய்ச்சிக்குள் இவர் நுழைந்தார். லைட் விட்டு விட்டு எரிய எரிய ஓட்டினார். எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அதன் உட்கூடு உருகி அடைத்துக்கொண்டது. நாலு காயிலும் நாலு பிளக்கும் வாங்கி மிச்சத்தில் குடும்பத்தோடு திருப்பதி போய்வந்திருக்கலாம், அந்த விலை.

இதுவரை சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் சிரிப்பு வரவில்லை.

போனில் வாங்கிய பிளக் வந்தது. டப்பாவில் எழுத்து மங்கியிருந்தது, அசலா போலியா என்று தெரியவில்லை. அதைப் பாயிடம் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் உட்கார்ந்து, பழைய ஞாபகத்தில் ஆக்ஸா பிளேடை விட்டு நாலுக்கும் கேப் சரிபார்த்திருக்கிறார். இரிடியம் முனை ஒரு மில்லிமீட்டர்கூடப் பருமன் இல்லாதது, நெம்பினால் தெறித்துவிடும். ஒன்றில் தெறித்துவிட்டது. மாட்டியபின் வண்டி மறுபடி உதற ஆரம்பித்ததும் தெரு நடுவில் நின்றுகொண்டு, “பாய் டார்க் பார்க்காம முறுக்கிட்டாரு” என்றார். பிளேடு பற்றி மூச்சு விடவில்லை. பாய் பதில் பேசாமல் நாலையும் திரும்பக் கழற்றி, முனை போனதைத் தனியாக எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். மன்னிப்பாவது கேட்டாரா? கலர் பார்த்தார்.

கூலி என்று பாய் கேட்டது முந்நூறு ரூபாய். ஸ்கேனர் போட்டது, காயில் மாற்றிப் பார்த்தது, இரண்டு தடவை கழற்றி மாட்டியது, அரைநாள் கடையை விட்டுவிட்டு இவர் பேச்சைக் கேட்டது எல்லாம் சேர்த்து. ஜப்பான் உலோகவியல்வரை தெரிந்த மனிதருக்கு அந்தத் தொகை மட்டும் புரியவில்லை. நூற்றைம்பது கொடுத்தார், மீதி அடுத்த சர்வீசுக்கு என்றார். அடுத்த சர்வீசும் வந்து போயிற்று. பாய் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

“பிளக் மாத்தறதெல்லாம் ஒரு வேலையா சார்? நானே பண்ணியிருப்பேன், டைம் இல்லை” என்றார்.

டைம் இல்லையாம்.