செயிச்சுட்டு வந்தியாக்கும்!

ஏலே, டீக்கடையில ஒரு மணி நேரம் கத்திட்டு, செயிச்ச மூஞ்சியோட வாரியே, இப்படி உக்காரு. எதிராளி மனசு மாறிட்டானா? மாறலையா? பொறவு என்னத்தடே செயிச்ச? அவன் குடிச்ச டீக்கும் நீதான் காசு குடுத்திருப்ப.

ஆதாரம் காட்டுதேன்னு செல்போனத் தூக்கித் தூக்கிக் காட்டினியாமே. ஆதாரத்துக்கு மசியுத சாமானா மனசு? என் பேத்தி மனோதத்துவம் படிக்கால்லா, அவ வாசிச்சுக் காட்டினா. 1979ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்காரங்க, தூக்குத்தண்டனை வேணும்ங்கவனையும் வேண்டாம்ங்கவனையும் கூப்பிட்டு, ரெண்டு கட்சிக்கும் அதே ரெண்டு ஆய்வக் குடுத்தாங்களாம். தூக்கு இருந்தா கொலை குறையும்னு ஒண்ணு, குறையாதுன்னு ஒண்ணு. ரெண்டுமே அவங்களாக் கட்டி விட்டது, அது வேற கதை. நெறையும் குறையும் பாத்த பொறவு ரெண்டு கட்சியும் கொஞ்சம் கிட்டத்துல வரணுமா இல்லையா? அவனவன் முன்னவிட முறுக்கிக்கிட்டுப் போனான். தனக்கு ஒத்துவராத ஆய்வுல மட்டும் ஓட்டை ஓட்டையாத் தெரிஞ்சிருக்கு. பொண்ணு பிடிச்சுப் போச்சுன்னா பொருத்தம் இருக்குன்னு சொல்லுத சோசியர் கெடைக்குத மட்டும் அலையுதோம்லா, அந்தக் கூத்துதான்.

அப்ப என்னதான் தாத்தா செய்யன்னு முழிக்காத. "ஏன்"னு கேக்காத, கேட்டா, மனப்பாடம் பண்ணி வச்சிருக்கதக் கொட்டிருவான். "எப்படிண்ணே?"ன்னு கேளு. ஆத்த எல்லாம் இணைச்சா ஊரு செழிக்கும்னு சொல்லுதானா? ஆகா, அருமை, எந்த ஆறு, எந்த மேட்ட எப்படித் தாண்டும், எந்த மாசம் தண்ணி வரும், நெலம் போறவனுக்கு யாரு என்ன குடுப்பான்னு பொடிப்புள்ள கணக்காக் கேளு. மூணாவது கேள்விக்கு வேட்டிய இறுக்கிக் கட்டுவான் பாரு.

இதுவும் சும்மா சொல்லல. யேல் பல்கலைக்கழகத்துல நல்லாப் படிச்ச புள்ளைகள்ட்ட, பூட்டு, ஜிப்பு, தையல் மெஷினு எல்லாம் எப்படி வேலை செய்யுதுன்னு எம்புட்டுத் தெரியும்னு கேட்டிருக்காங்க. தாராளமா மார்க்குப் போட்டுக்கிட்டுதுக. சரி, வெளக்கி எழுதுன்னதும் பேனா ஓடல. தங்களுக்குத் தாங்களே மார்க்கக் குறைச்சிக்கிட்டுதுக. 2002ல வந்த ஆய்வு. தெனமும் போட்டுக் கழத்துத ஜிப்புக்கே இந்தப் பாடுன்னா, உன் கட்சியோட பொருளாதாரக் கொள்கைய நெனச்சுப் பாரு.

நம்மாளுக இத எப்பவோ கண்டவங்கதான். நாவல் கொம்ப நட்டு வச்சு ஊர் ஊரா வாதுக்கு அழைச்சவ குண்டலகேசி. பௌத்தக் கதையில, புத்தரோட சீடர் சாரிபுத்தர் அவ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிட்டு, தம் பங்குக்கு ஒரு கேள்வி கேட்டாரு. தெரியலன்னுட்டா. அம்புட்டுப் பெரிய வாதக்காரி, கூட்டத்து நடுவுல, தெரியலன்னு சொன்னாளா இல்லையா? நீ கடைசியா அந்த வார்த்தைய எப்பச் சொன்ன? பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேட்டப்பவா?

சரி, மூஞ்சியத் தூக்காத. ஒரு தாள எடு. இன்னைக்கு நீ கத்தினியே, அது எப்படி நடக்கும்னு வரிசையா எழுதிக் கொண்டா. செல்போன இங்க வச்சுட்டுப் போ.