இருக்கும் கோப்பை இல்லை என்ற கர்னல் அவர்களுக்கு

அனுப்புநர்: ஜெராக்ஸ் கடைக்காரர், மெயின் ரோடு, குயிலாப்பாளையம், வானூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்.

பெறுநர்: மேதகு லினக்ஸ் கர்னல் அவர்கள், மேசைக்கு அடியில் உள்ள கறுப்புப் பெட்டி, மேற்படி கடை.

பொருள்: இருக்கும் கோப்பை இல்லை என்று திருப்பியது தொடர்பாக.

பார்வை: தங்கள் பிழை எண் 2, நாள்தோறும்.

ஐயா,

பட்டாளத்துக் கர்னல் வேறு, கணினியை நடத்தும் தாங்கள் வேறு என்று எனக்குத் தெரியும். தமிழில் எழுதினால் இருவரும் ஒன்றாகிவிடுகிறீர்கள். குணத்திலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை: எதிர்க்கேள்வி பிடிக்காது, சொன்னது சொன்னதுதான்.

மரக்காணம் உப்பளத்திலிருந்து லோடு ஏற்றும் வியாபாரி ஒருவருக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். தினமும் சாயங்காலம் அங்கிருந்து ஒரு கோப்பு வரும். எந்தப் பாத்தியில் எத்தனை மூட்டை, எந்த லாரி, உப்பு வாரியவர்களுக்குக் கூலி எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். மாசக் கடைசியில் முப்பதையும் கூட்ட என் தங்கை மகன் பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். "தட்டுங்க மாமா, கணக்கு வந்துடும்" என்றான். தட்டினேன். அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை என்று தங்கள் திருவாய் மலர்ந்தது. அடைவு என்றால் எங்கள் வாயில் ஃபோல்டர். கோப்பு, ஃபோல்டர் இரண்டும் திரையில் என் கண்ணுக்கு முன்னால் பல்லை இளித்துக்கொண்டு இருந்தன.

இந்த வார்த்தை எனக்குப் புதிதில்லை. ஓர் அலுவலகத்தில் என் அப்பா பெயரில் இருந்த மனைக் கோப்பு இல்லை என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். நான்காம் முறை அதே பீரோவில், அதே தட்டில், 'கு' கட்டுக்குப் பதிலாக 'கூ' கட்டிலிருந்து வந்தது. அங்கேயாவது நமக்கு ஒரு வழி உண்டு. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. ஒரு காலத்தில் இருந்த ஆவணத்தைக் காணோம் என்று சொல்லிக் கையை விரிக்கக் கூடாது, முழுமூச்சாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் யார் பொறுப்பு என்று விசாரிக்க வேண்டும் என்று 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. தங்கள் மேல் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

எனவே நானே விசாரித்தேன்.

முதல் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாதவன். ஸ்கிரிப்டின் முதல் வரி, 'என்னைப் படிக்கும் நிரல் இன்னது' என்று தங்களுக்குச் சொல்லும் வரி. டென்னிஸ் ரிச்சி 1980இல் கொண்டுவந்த ஏற்பாடு அது. என் தங்கை மகன் வீட்டில் இருப்பது விண்டோஸ். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டு குறிகளை வைக்கிறது: எண் 13, எண் 10.

இது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாண்டிச்சேரியில் டைப் இன்ஸ்டிடியூட் போய் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன் நான். வரி முடியப்போகிறது என்று மணி அடிக்கும். இடது கையால் நெம்புகோலைத் தள்ளினால் உருளை கடகடவென்று வலப்பக்கம் ஓடி வரியின் தொடக்கத்துக்கு வரும், அதே தள்ளலில் காகிதம் ஒரு வரி மேலே ஏறும். ஒரு கைவீச்சில் இரண்டு வேலை. தந்தி அச்சுப்பொறி வந்தபோது அதை இரண்டாகப் பிரித்தார்கள், பிற்பாடு உருளை திரும்ப 13, காகிதம் ஏற 10 என்று எண் வைத்தார்கள். யூனிக்ஸ்காரர்கள் ஒன்று போதும் என்று 10ஐ மட்டும் வைத்துக்கொண்டார்கள். விண்டோஸ் இரண்டையும் இன்றுவரை சுமக்கிறது. உருளையும் இல்லை, காகிதமும் இல்லை, அதற்கான சமிக்ஞை மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

தாங்கள் என்ன செய்தீர்கள்? அந்த 13ஐயும் நிரலின் பெயரோடு சேர்த்து வாசித்தீர்கள். 'பாஷ்' என்ற நிரலைத் தேடாமல், வாலில் ஒரு 13 ஒட்டிய 'பாஷ்' என்ற ஆளைத் தேடினீர்கள். அப்படி ஒருவன் பூமியில் இல்லை. இல்லாதது அந்த ஆள். பெயர் கெட்டது என் ஸ்கிரிப்டுக்கு. 2022இல் வந்த பாஷ் 5.2 இந்தச் செய்தியைத் திருத்தியது: தேவையான கோப்பு கிடைக்கவில்லை என்கிறது. எந்தக் கோப்பு என்று மட்டும் சொல்லாது. ஐம்பது வருஷத்தில் இவ்வளவு முன்னேற்றம்.

வாலை வெட்டினேன், ஓடியது. மறுநாள், கடை மூடிய பிறகு ராத்திரி 11 மணிக்குத் தானாக ஓடட்டும் என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரான் என்ற நிரலிடம் ஒப்படைத்தேன். திரும்பவும் இல்லை. கையால் தட்டினால் இருக்கிறது, ராத்திரியில் இல்லை. காரணம், ஸ்கிரிப்டில் எழுதியிருந்த பாதை முழு விலாசம் இல்லை. நான் தட்டும்போது கணக்கு ஃபோல்டருக்குள் உட்கார்ந்து தட்டுகிறேன், கிரானோ வீட்டு வாசலில் நின்று தேடுகிறது. புகாரை ஒழுங்காக அஞ்சல் பெட்டியில் போட்டும் வைத்திருந்தது. கணினிக்குள் இப்படி ஒரு அஞ்சல் பெட்டி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இது எங்கள் கடற்கரைக்காரர்களுக்குப் புரியாத விஷயமே இல்லை. இங்கே தமிழ்நாட்டில் வண்டி ஏறி, காலாப்பட்டில் புதுச்சேரிக்குள் நுழைந்து, கனகசெட்டிக்குளம் தாண்டித் திரும்பவும் தமிழ்நாட்டுக்குள் வந்து மரக்காணம் போய்ச் சேருகிறோம். இந்த ரூட்டில் ஒருவரிடம் 'அடுத்த ஒயின் ஷாப்பில் திரும்புங்க' என்று வழி சொன்னால், அவர் எந்த மாநிலத்தில் நின்று கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஆளே வேறு ஊருக்குப் போய்விடுவார். நிற்கும் இடத்தைக் கேட்கத் தங்களிடம் ஒரு கட்டளை உண்டு, பெயர் பி.டபிள்யூ.டி. தமிழ்நாட்டில் அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் பொதுப்பணித் துறையும் ஏரியும் மதகும்தான் ஞாபகத்துக்கு வரும். இருந்தாலும் இப்போது பாதையை முழு விலாசமாக்கி, ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே அந்தக் கட்டளையையும் போட்டு வைத்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரில் பட்ட பாடு தனி. குயிலாப்பாளையம் என்பதை ஆங்கிலத்தில் எழுத ஒவ்வொரு கடைப் பலகையிலும் ஒரு வழி. 'ஒய்' போடுகிறவர்கள், போடாதவர்கள், முடிவில் 'ஐ' சேர்ப்பவர்கள். நான் ஒரு விதமாக ஃபோல்டர் வைத்தேன், தங்கை மகன் வேறு விதமாக எழுதினான், தாங்கள் அவன் எழுதியதை நிராகரித்தீர்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பார்க்கிறீர்கள். பெயருக்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டு மேற்கோளில் போடாமல் கொடுத்தால், 'பாத்தி' ஒரு கோப்பு, '3' இன்னொரு கோப்பு என்று தங்கள் வாசல் சேவகர் ஷெல் கூறு போட்டுவிடுகிறார். பாத்திக்கு வரப்பு கட்டுவது எங்கள் தொழில் ஐயா.

ஆங்கிலமே வேண்டாம் என்று தமிழில் பெயர் வைத்தேன். 'கோப்பு' என்றே வைத்தேன். அப்போதுதான் உச்சம்.

பழைய தட்டச்சில் 'கோ' அடிக்க மூன்று தட்டு: இரட்டைக் கொம்பு, க, கால். யூனிகோடில் இரண்டு வழி. 'க'வுக்குப் பின் 'ஓ'காரக் குறியை ஒரே துண்டாக வைக்கலாம். இரட்டைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு துண்டாகவும் வைக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதியே சொல்கிறது. திரையிலும் ஒரே முகம். ஆப்பிளின் பழைய கோப்புமுறை இப்படிப்பட்ட பெயரைத் துண்டாக்கித்தான் வைத்துக்கொள்ளும். ஆரோவில் பக்கமிருந்து வந்த ஒருவரின் பழைய ஆப்பிள் வட்டில் போய்த் திரும்பிய என் 'கோப்பு' கொம்பும் காலும் பிரிந்து வந்தது. தாங்கள் பைட்டை மட்டும் எண்ணுகிறவர். முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவே ஃபோல்டரில் 'கோப்பு' கண்ணெதிரே இருக்க, நான் ஒரே துண்டாகத் தட்டிய 'கோப்பு' இல்லை என்று இன்னொரு தடவையும் சொன்னீர்கள். தமிழில் கோப்புக்குக் கோப்பு என்று பெயர் வைத்தவனுக்குக் கிடைத்த மரியாதை.

தங்கள் தரப்பு நியாயமும் உண்டு. 1969இல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்தபோது நினைவகம் கிலோ கணக்கில். அன்றைக்கு நீட்டி முழக்கப் பணமில்லை, எண்ணை மட்டும் சொல்லி அனுப்பும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் வந்தது. 1991இல் வந்த தாங்களும் அந்தக் குடும்ப வழக்கத்தையே பிடித்துக்கொண்டீர்கள். எண்ணோடு பெயரையும் சேர்த்துச் சொல்வது நிரல் எழுதுகிறவன் கடமை என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். தங்கள் 'இல்லை'யைக் காதில் வாங்காமல் மேலே போகும் ஸ்கிரிப்டுகளும் உண்டு. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்ட், தன் ஃபோல்டர் இருக்கும் இடம் கிடைக்காமல், வெற்றுப் பெயரோடு அழிக்கும் கட்டளையைக் கொடுத்தது. கண்ணில் பட்ட கோப்புகளை எல்லாம் அழிக்கக் கிளம்பிவிட்டது. அதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

கேட்பது இதுதான். இல்லை என்று சொல்லும்போது எந்தப் பெயரைத் தேடினீர்கள், எங்கே நின்று தேடினீர்கள் என்று கூடவே சொல்லுங்கள். பெயரை இரண்டு பக்கமும் மேற்கோள் போட்டுக் காட்டினால், வாலில் ஒட்டிய 13ஐ நானே பார்த்து வெட்டிக்கொள்வேன். ஐப்பசி மழைக்கு முன் இந்த வருஷக் கணக்கை முடித்தாக வேண்டும். பாத்தியில் தண்ணீர் நின்றுவிட்டால் அப்புறம் கேட்கவும் ஆள் இருக்காது.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர்

இணைப்பு: மேற்படி கணக்குக் கோப்பு, 1. இருக்கிறது.

குறிப்பு: இந்த மனுவை 'கோரிக்கை' என்ற பெயரில் சேமித்திருக்கிறேன். 'கோ' ஒரே துண்டாக அடித்தது.