காடியில் ஏறிக் கம்பத்துக்கு

மதுரையிலிருந்து மலேசியாவில் பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டின் தொழிற்பேட்டைக்கு வேலைக்குக் கிளம்பியபோது மலாய்க்குத்தான் பயந்தேன். முப்பது நாளில் மலாய் கற்றுத்தரும் புத்தகத்தில் பாதியை விமானத்திலேயே முடித்தேன். ஆனால் இறங்கியதும் என் காலை வாரியது தமிழ்.

முதல் வாரமே பக்கத்து வீட்டு அண்ணன் முகமெல்லாம் பல்லாக வந்தார். "தம்பி, புதுக் காடி எடுத்திருக்கேன்!" எனக்குத் தெரிந்த காடி ஊறுகாய்க்கு ஊற்றுவது. "எத்தனை பாட்டில்ணே?" என்றேன். கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு நின்றது காடி. இங்கே கார்தான் காடி.

மானத்தை மீட்க, அன்று இரவு எட்டு மணிக்கு, "வாங்கண்ணே, பசியாறலாம்" என்று உள்ளூர் பாணியில் அழைத்தேன். அவர் வீடே சிரித்தது. இவர்கள் காலையில் பசியாறுவார்கள், ராத்திரியில் சாப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுன் போனோம். கடைப் பலகையில் 'நாசி கண்டார்'. யார் மூக்கை யார் கண்டார்? அண்ணன் விளக்கினார்: நாசி என்றால் சோறு, கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் கம்பின் இரு முனையிலும் கூடை கட்டிச் சோறு விற்றதில் வந்த பெயராம். "பஞ்சிர் போடவா?" என்றார் பரிமாறியவர். ஏதோ பஞ்சுபோன்ற பலகாரம் என்று தலையாட்டினேன். பஞ்சிர் என்றால் வெள்ளம். கோழி, மீன், பருப்பு என்று எல்லாக் குழம்பும் பாய்ந்ததில் சோறு தீவானது. ஒரு பருக்கை விடாமல் மீட்டெடுத்தேன்.

"இருந்தாலும் எங்க மதுரைத் தமிழ்..." என்று ஆரம்பித்தேன். "பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல 1816லேயே தமிழ் வகுப்பு நடந்திருக்கு தம்பி" என்றார் அண்ணன். மீதிச் சோற்றைப் பேசாமல் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் அம்மா போன் செய்தாள். "எங்கேப்பா கிளம்பிட்ட?"

"அண்ணன் காடியில கம்பத்துக்கும்மா." இங்கே கிராமம் என்றால் கம்பம்.

அம்மாவுக்குத் தெரிந்தது தேனிப் பக்கத்துக் கம்பம். "அவ்வளவு தூரம் வந்தவன், மதுரைக்கு ஒரு எட்டு வரக் கூடாதா?" என்று அழவே ஆரம்பித்துவிட்டாள்.

மலேசியாவுக்குக் கிளம்புகிறவர்களே, மலாய்ப் புத்தகம் கிடக்கட்டும். தமிழை முதலிலிருந்து படித்துவிட்டு வாருங்கள்.